குழாய் வெடித்த வீடு

வீட்டிலே நெருப்புப் பற்றினால் அயலார் ஓடி வருவர். கள்வன் புகுந்தால் ஊரே எழுந்து நிற்கும். தண்ணீர்க் குழாய் வெடித்தாலோ, “காலையில் பார்த்துக்கொள்வோம்” என்று கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டு மறுபடியும் உறங்கிவிடுவதே நம்மவரிற் பலருக்கு வழக்கமாயிருக்கின்றது. நெருப்புச் செய்யும் கேடு உடனே கண்ணுக்குத் தெரிகின்றது; நீர் செய்யும் கேடு மெல்ல மெல்லத் தெரிகின்றது. வேறுபாடு அவ்வளவே. இவ்வாரம் இச்சிறிய பொருளைப் பற்றிச் சற்று விரித்து எழுத எண்ணினோம். அஃது அத்துணைச் சிறிய பொருளன்று என்பதை நேயர்கள் போகப்போக உணர்வார்கள்.

திருக்குறளை இயற்றிய பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அரசனையும் அமைச்சனையும் பற்றிப் பேசுமுன் மழையைப் பற்றிப் பேசினார். மலைநாட்டில் வாழும் நமக்கு மழைக்குக் குறைவில்லை. வட்டவளையும் கினிகத்தேனையும் இலங்கையில் மிகுதியாக மழை பெறும் இடங்களுட் சேர்ந்தவை. ஹற்றனைச் சூழ்ந்த மலைகளிற் பிறக்கும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகின்றன. அந்தக் களனியின் நீரையே அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு மக்களுக்குக் குழாய்வழி அனுப்புகின்றனர். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலே எடுத்துக் காட்டிய வழியில், 1950 ஆம் ஆண்டு முதல் லக்ஷபானவில் இந்நீரே மின்சாரமும் தருகின்றது. தலைநகரின் தாகத்தைத் தீர்த்து நாட்டின் விளக்கையும் ஏற்றும் நீர் நம் மலையிற் பிறக்கின்றது. ஆயினும் அம்மலைச் சரிவிலே கொழுந்து பறிக்கும் தாய் ஒரு வாளித் தண்ணீருக்காக விடியுமுன் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியிருக்கின்றதென்றால், குறை மழையிலன்று. மழையை வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேதான் இருக்கின்றது. அந்த வழிக்குத்தான் குழாய் என்று பெயர்.

பீலியிலிருந்து குழாய்க்கு

1820 களிலே கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வந்தனர். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை மலையெங்கும் பரவியது. லயங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. ஊற்றிலிருந்து ஒழுகும் நீரை மூங்கிலாலோ தகரத்தாலோ ஏந்திக் கீழே விழச் செய்தனர். அதுவே பீலி. குளிப்பதும் துவைப்பதும் குடிநீர் எடுப்பதும் ஊர்க்கதை பேசுவதும் பீலிக்கரையிலேதான். பீலி வெடிப்பதில்லை, ஏனெனில் அது திறந்த வாய்க்கால். நீர் அதில் உருண்டு வருகின்றதே யொழிய அடைபட்டு நிற்பதில்லை.

பின்னர் மேட்டிலே தாங்கி கட்டி, அதிலிருந்து குழாய் இழுத்து, லயத்து முற்றம்வரை தண்ணீர் வந்தது. இஃது ஒரு பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அடைபட்ட நீருக்குத் திறந்த நீருக்கில்லாத ஒரு குணம் உண்டு. அதுதான் அழுத்தம். அதை அறியாதவன் கையிற் குழாய் நெடுநாள் உழைப்பதில்லை.

குழாய் வெடிப்பது ஏன்?

குளிர் நாடுகளிலே மாரிக்காலத்திற் குழாய்கள் வெடிப்பது வழமை. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகின்றது. அந்தப் பெருக்கத்தை இரும்பும் தாங்காது. நுவரெலியாவிலும் தை, மாசி மாதங்களிற் சில விடியற்காலைகளிலே புல்லின்மேல் உறைபனி வெள்ளை விரித்தாற்போலக் கிடக்கக் காண்கின்றோம். ஆனால், அக்குளிர் சூரியன் எழுந்ததும் கலைந்துவிடுகின்றது, மண்ணுக்குள் இறங்குவதில்லை. ஆகவே நம் ஊரிற் குழாய் வெடித்தாற் பழியைப் பனிமேற் போடுவது பெரும்பாலும் பொருந்தாது.

நம் ஊரிலே முதற் காரணம் உயரம். பத்து மீற்றர் உயரமுள்ள நீர்நிரல், ஒவ்வொரு சதுர சென்றிமீற்றர்மீதும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்தும். தாங்கி மேலே அறுபது மீற்றரிலும் லயம் கீழேயும் இருந்தால், கீழ்க்குழாயின் ஒவ்வொரு சதுர சென்றிமீற்றரும் ஆறு கிலோகிராம் சுமையை இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கின்றது. சமவெளியிலுள்ள வீட்டுக்குக் கூரைமேல் தாங்கி. நமக்கோ மலைமேல் தாங்கி. லக்ஷபானவிலே உருளையைச் சுழற்றும் ஆற்றலும், நம் முற்றத்துக் குழாயைப் பிளக்கும் ஆற்றலும் ஒன்றே என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்வார்களாக.

‘பகலெல்லாம் நன்றாயிருந்த குழாய் நள்ளிரவில் ஏன் வெடித்தது?’ என்று பலர் வியப்பதுண்டு. பகலிலே பல வீடுகளிலும் நீர் ஓடுகின்றது. ஓடும் நீர் குழாயின் சுவரோடு உராய்ந்து தன் அழுத்தத்திற் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது. இரவிலே எல்லாரும் குழாயை மூடியபின் ஓட்டம் நிற்கின்றது; உராய்வும் இல்லை. மேலுள்ள தாங்கியின் முழு அழுத்தமும் கீழ்க்குழாயின்மேல் வந்து நிற்கின்றது. பகல் முழுவதும் தாங்கிய நலிந்த இடம் அப்பொழுதுதான் வாய் திறக்கின்றது.

இரண்டாவது காரணம் ‘நீரடி’. ஓடுகின்ற நீரைத் திடீரென்று தடுத்தால் அது சுத்தியலால் அடித்தாற்போற் குழாயைத் தாக்குகின்றது. மொஸ்கோ நகர நீர்க்குழாய்களில் ஆராய்ச்சி செய்த சுக்கோவ்ஸ்கி என்னும் அறிஞர் 1898 இல் இதற்குக் கணக்கு வகுத்தார். வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடும் நீரை இரும்புக் குழாயிலே சட்டென்று நிறுத்தினால், நூறு மீற்றர் உயர நீர்நிரலுக்கும் மேலான அழுத்தம் ஒரு கணம் எழுகின்றது. குழாயை மூடும்போது ‘டக்’ என்ற ஒலி சுவருக்குள்ளிருந்து கேட்குமாயின், அஃது அந்த அடியின் ஒலியே. பிள்ளைகளுக்குக் குழாயை மெல்லத் திருகி மூடப் பழக்குவது பொருட்சிக்கனம் மட்டுமன்று, குழாயின் ஆயுளுமாகும்.

மூன்றாவது காரணம் முதுமை. நம் மலைநீர் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீர். இரும்பை அரிக்கும் இயல்புடையது. நாகம் பூசிய இரும்புக் குழாயிலும் புரி வெட்டிய பொருத்துகளிலே சுவர் மெலிந்திருக்கும். அரிப்பு அங்கேதான் முதலில் முடிவுக்கு வரும். பிளாஸ்ரிக் குழாய்க்குத் துருவில்லை. ஆனால், வெயிலிற் கிடந்தால் நாளடைவில் உடையும் தன்மை பெறுகின்றது. மண்ணில் ஆழப் புதைக்காத குழாயை முள்ளுக் குத்துபவரின் முள்ளும் குத்தும். வண்டிச் சக்கரமும் நசுக்கும்.

இங்கே வாங்குவோர்க்கு ஒரு சொல். இலங்கையிலே பீ.வீ.சீ. குழாய்கள் நெடுங்காலமாக 400, 600, 1000 என்னும் வகைகளாக விற்கப்பட்டு வருகின்றன. அவ்வெண், குழாய் தாங்கக்கூடிய அழுத்தத்தைக் கிலோபஸ்கால் அளவிற் சொல்வது. 600 என்றால் ஏறக்குறைய அறுபது மீற்றர் உயர நீருக்கும், 1000 என்றால் நூறு மீற்றருக்கும் போதுமானது. விலை குறைவென்று 400 ஐ வாங்கி அறுபது மீற்றர்ப் பள்ளத்திற் போடுவது, ஒருவர் தூக்கும் மூட்டையைப் பாலகன் தலையில் ஏற்றுவதை ஒக்கும். மின்கம்பி செல்லும் மெல்லிய குழாயைத் தண்ணீருக்குப் பூட்டுவாரும் உளர். அவர்களைப் பற்றி யாது சொல்வது!

முன்னோர் அறிந்த பாடம்

அழுத்தத்தைத் தணித்து நீரைக் கையாளும் கலை புதியதன்று. நம் நாட்டின் பழங்குளங்களிலே, கரையின் அடியாற் பாயும் நீரின் வேகத்தை அடக்கக் கல்லாற் சதுரக் கிணறு அமைத்தனர். அதைச் சிங்களத்திலே ‘பிசோகொட்டுவ’ என்பர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் வாழ்ந்த விட்றூவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், பள்ளத்தின் அடியிற் செல்லும் குழாய் வளைவிலே வெடிக்கும் என்றும், புதுக்குழாயிலே நீரை மெல்ல மெல்ல விடவேண்டும் என்றும் எச்சரித்து எழுதிவைத்தார்.

மலைச்சரிவுக்கு இன்றும் ஏற்ற பரிகாரம் ஒன்றுண்டு. தாங்கிக்கும் லயத்துக்கும் இடையிலே, வழியிற் சிறு தொட்டி ஒன்று கட்டி, மேற்குழாயின் நீரை அதில் விழவிட்டு, அங்கிருந்து மறுபடியும் குழாய் தொடங்குவதே அது. திறந்த தொட்டியில் விழுந்ததும் நீர் தன் அழுத்தம் முழுவதையும் இழந்துவிடுகின்றது. நூறு மீற்றர் இறக்கத்தின் நடுவே இத்தகைய தொட்டி ஒன்று இருந்தால், கீழ்க்குழாய் ஐம்பது மீற்றர்ச் சுமையையே தாங்கும். தொட்டிக்கு மூடியும், மிதவை வால்வும் இன்றியமையாதன.

வெடித்தவுடன் செய்யவேண்டியவை

முதலாவது, வால்வை மூடுதல். இதைச் சொல்ல ஒரு பத்தி எழுத வேண்டுமா என்று கேட்கலாம். நள்ளிரவில், மழையில், கைவிளக்கோடு, புல் மூடிய வால்வைத் தேடி அலைந்தவர்க்கே இதன் அருமை தெரியும். வால்வு எங்கே இருக்கின்றது என்பது வீட்டுத் தலைவருக்கு மட்டுமன்றிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். வலஞ்சுழியாகத் திருகினால் மூடும். ஆண்டுக்கு இருமுறையாவது மூடித் திறந்து பாராத வால்வு, வேண்டிய வேளையில் இறுகி நின்று நம்மை ஏமாற்றும். வீட்டுக்குத் தனி வால்வு இல்லாவிடின், லயத்து வால்வு எது, அதன் சாவி யார் கையில் என்பதை முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். சுவரில் நீர் ஒழுகிச் சுவிச்சையோ மீற்றரையோ நெருங்குமாயின், வேறெதையும் தொடுமுன் மெயின் சுவிச்சை மூடுக. நிற்கும் இடமும் கையும் ஈரமாயிருந்தால் அதையும் தொடாது, மின்சாரம் வழங்குவோர்க்கு அறிவித்துவிட்டு வெளியே நிற்பதே அறிவு. நனைந்த அரிசி மூட்டையை மீட்கலாம். உயிரை மீட்க இயலாது.

மூன்றாவது, வீட்டிலே மிகத் தாழ்ந்த இடத்திலுள்ள குழாயைத் திறந்துவிடுதல். குழாயில் எஞ்சிய நீர் அவ்வழியே இறங்கும். வெடிப்பின் வாயில் வேகம் தணியும். அந்நீரை வாளியிலும் குடத்திலும் பிடித்து வைத்தால் மறுநாட் காலைக்கு உதவும்.

நான்காவது, தற்காலிகக் கட்டு. பழைய சைக்கிள் டியூப்பை இரண்டு விரல் அகல நாடாவாக வெட்டி, வெடிப்புக்கு ஒரு சாண் முன்னரே தொடங்கி, நன்றாக இழுத்து இழுத்து, ஒரு சுற்றின் பாதியை மறு சுற்று மூடுமாறு சுற்றி, ஒரு சாண் அப்பால் முடித்து, மேலே கட்டுக்கம்பியால் இறுக்குக. இஃது ஒரு வாரம் தாங்கினாலும் தாங்கும். ஆனால் இதை நிரந்தரம் என்று நம்பி மண்ணால் மூடிவிடல் ஆகாது.

நிரந்தரப் பழுதுபார்ப்புக்குப் பிளந்த துண்டை வெட்டி எறிந்து, புதுத் துண்டை இரு சொக்கட்டுகளாற் பூட்ட வேண்டும். பசை பூசுமுன் குழாய் முழுதும் உலர்ந்திருத்தல் வேண்டும்; முனையை அரத்தாளால் தேய்த்து, துடைத்து, பசை தடவி, சொக்கட்டினுள் கால் சுற்றுத் திருகிச் செலுத்தி, அரை நிமிடம் அசையாமற் பிடித்திருத்தல் வேண்டும். பசைப் பேணியில் எழுதியுள்ள நேரம் கழியுமுன் நீரை விட்டால் உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகும். குழாயின் முனையை நெருப்பிற் காய்ச்சி விரித்து மற்றொன்றைச் செருகும் வழக்கம் நம்மிடையே உண்டு. அங்ஙனம் விரித்த இடத்திற் சுவர் மெலிகின்றது. மேலும் பீ.வீ.சீ. கருகும் புகையிலே ஐதரசன் குளோரைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அடுப்படியிலே குழந்தைகள் சூழ நின்று செய்யத்தக்க வேலையன்று அது.

வெளியே தெரியாத கசிவைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? தோக்கியோ நகரிலே நள்ளிரவில், வீதி அரவம் அடங்கியபின், நீர்ச்சபை ஊழியர் நீண்ட கோலொன்றை நிலத்தில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்கடியிற் கசியும் நீரின் ஒலியைக் கேட்டுக் கண்டுபிடிக்கின்றனர். நமக்கு அக்கோல் வேண்டியதில்லை. வீட்டார் உறங்கியபின் ஒரு நீண்ட திருப்புளியின் முனையைக் குழாயில் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்தால், எல்லாக் குழாய்களும் மூடியிருக்கையிலும் ‘ஸ்’ என்ற மெல்லிரைச்சல் கேட்குமாயின், எங்கோ நீர் ஓடுகின்றது என்பது திண்ணம்.

‘ஊசித் துளைதானே’ என்று அலட்சியம் செய்வோர்க்கு ஒரு கணக்கு. துளையிற் பாயும் நீரின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதை இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1644 இல் வெளியிட்டார். முப்பது மீற்றர் உயர அழுத்தத்தில் மூன்று மில்லிமீற்றர்த் துளை ஒன்று நிமிடத்துக்கு ஆறு லீற்றருக்கு மேல், நாளொன்றுக்கு ஒன்பதாயிரம் லீற்றர் நீரைக் கொட்டிவிடும். ஒருவருக்கு நாளொன்றுக்கு அடிப்படைத் தேவை இருபது லீற்றர் எனக் கொண்டால், ஐவர் அடங்கிய தொண்ணூறு குடும்பங்களின் நீர் அது.

ஒரு மாணவியின் ஒன்பது நாள்

நிற்க. இக்கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் கற்பிக்கும் கல்லூரியிலே, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி தொடர்ந்து நான்கு நாள் பிந்தி வந்தாள். ஐந்தாம் நாள் வரவேயில்லை. அடுத்த வாரம் வந்தவளிடம் காரணம் கேட்டோம்.

“மேல்லயத்துல பைப்பு வெடிச்சிருச்சுங்க சேர். பீலிக்குப் போய்த்தான் தண்ணி தூக்கிட்டு வரணும். அம்மா விடிஞ்சதும் பெரட்டுக்குப் போயிருவாங்க. தம்பி சின்னவன்” என்றாள்.

அன்று பிற்பகல் அங்கு சென்று பார்த்தோம். ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்த குழாயிலிருந்து நீர் தெளிந்த ஓடைபோல் ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய நாற்பது வீடுகள் அதை நம்பியிருந்தன. ஐவர் குடும்பத்துக்கு நூறு லீற்றர் என்றால் பத்து வாளி. வாளி ஒன்று பத்துக் கிலோ. பீலியிலிருந்து மேட்டுக்குப் பத்து நடை. அந்நடையை நடந்தவர் யாரென்று பார்த்தால், அநேகமாக எல்லாரும் பெண்களும் சிறுமிகளுமே.

‘ஏன் இதைக் கட்டவில்லை?’ என்று வினவினோம். விடைக்குக் குறைவில்லை. தோட்டம் பார்க்க வேண்டும் என்றார் ஒருவர். முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு திட்டத்தின்கீழ் வந்த குழாய், அது தங்கள் பொறுப்பன்று என்று தோட்டத்தார் சொல்லிவிட்டதாகக் கூறினார் இன்னொருவர். சபைக்குச் சொன்னோம், தோட்டத்துக்குள் வர இயலாதென்றார்கள் என்றார் மூன்றாமவர். எல்லாரும் சொன்னவற்றில் உண்மை கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. குழாயிலிருந்து நீர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, குழாய்வேலை அறிந்த முதியவர் ஒருவரும் இளைஞர் நால்வரும் கூடி இரண்டு மணி நேரத்தில் அதைப் பூட்டிவிட்டனர். ஆன செலவை வீட்டுக்கு வீடு பங்கிட்டால் ஒரு பிளேன்ரீயின் விலைகூட வரவில்லை. திங்கட்கிழமை அம்மாணவி மணியடிக்குமுன் வந்துவிட்டாள். ஆனால், அவள் இழந்த ஒன்பது நாட் பாடத்தை எந்தச் சொக்கட்டாலும் பூட்ட முடியவில்லை. கணிதத்திலே அக்காலத்தில் நடந்த அலகு அவளுக்கு இறுதிவரை இடறலாகவே இருந்தது.

அது யாருடைய குழாய்?

இவ்வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் நிலச்சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. மறுபுறம், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது, அதன் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்தனர், உறுப்பினரைத் தெரிந்தனுப்பினர், ஆனால், அவ்வுறுப்பினர் தம் லயத்துக்கு ஒரு முழக் குழாய் போடவும் சட்டம் இடந்தரவில்லை. இக்குறை 2018 ஆம் ஆண்டிலேதான் பாராளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தத்தால் நீங்கியது. ஆகவே ‘தோட்டத்துக்குள் வர இயலாது’ என்னும் பழைய விடை இன்று முழு விடையாகாது. மனுவை எழுதுபவர் இவ்வாண்டையும் இப்பிரிவையும் அறிந்திருத்தல் நலம்.

நம் மக்கள் தம் கையால் தம் குழாயைப் பூட்டிக்கொண்டதைப் புகழ்ந்தோம். அப்புகழ்ச்சியைக் காரணமாகக் காட்டிப் பொறுப்புடையோர் ஒதுங்கிவிடுதல் தகாது. ஒரு சொக்கட்டை நாற்பது வீட்டார் வாங்கலாம். ஒரு தாங்கியையும் ஒரு மைல் நீளக் குழாயையும் வாங்க இயலாது. அன்றைக்குரிய பழுதை அன்றே பார்த்துக்கொள்வதும், நாளைக்குரிய உரிமையை எழுத்தில் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வாய்ச்சொல் காற்றோடு போகும். திகதியிட்டு, குடும்பத் தலைவர்கள் கையொப்பமிட்டு, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு அனுப்பிய கடிதம் கோவையிலே இருக்கும். பத்தாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் விண்ணப்பக் கடிதம் பரீட்சைக்கு மட்டும் உரியதென்று எண்ணும் மாணவர்கள், அதை முதலில் எழுதிப் பழகவேண்டிய இடம் தம் லயமே.

மலையும் நீரும்

குழாயை நாட்கணக்கில் ஓடவிடலாகாது என்பதற்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. அது மற்றெல்லாவற்றிலும் பெரிது. நம் வீடுகளிற் பல மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில் நிற்கின்றன. பின்னாலே மண்மேடு, முன்னாலே பள்ளம். 2014 ஒக்ரோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுட் புதைந்த காலை யாருக்கு மறக்கும்? 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயலின்போதும் மலையகத்தில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது. அவற்றுக்குக் காரணம் பெருமழை; குழாயன்று. ஆயினும் மண் சரியும் விதம் ஒன்றே. மண்ணின் இடுக்குகளில் நீர் நிரம்பினால் மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலிமை குறைகின்றது. மழை பெய்து நனைந்த மேட்டுக்குள், யாரும் காணாமல் ஒரு குழாயும் இரவும் பகலும் நீரூட்டிக்கொண்டிருந்தால், அந்த மேடு எத்தனை நாள் பொறுக்கும்?

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் எடுத்துரைக்கும் அறிகுறிகளை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், இல்லாத இடத்திலே திடீரென ஊற்றுத் தோன்றுதல், ஊற்றுநீர் கலங்கி வருதல் அல்லது நின்றுபோதல் ஆகியன அவை. வெயிற்காலத்திலும் வீட்டின் பின்மேடு ஒரே இடத்தில் ஈரமாயிருந்தால், ‘புதைந்த குழாய் கசிகின்றதோ’ என்று முதலில் வினவுக. மழைக்காலத்தில் மேட்டிலே வெடிப்பும் கலங்கல் நீரும் கண்டாற் குழாயைத் தேடிக்கொண்டு நில்லாமற் குடும்பத்தோடு அவ்விடம் விட்டு நீங்கி, கிராம அலுவலருக்கு அறிவித்தல் வேண்டும்.

பூட்டிய பின்னர்

பழுது தீர்ந்ததும் வால்வை முழுதும் ஒரேயடியாகத் திறத்தல் கூடாது. கடைக்குழாயைத் திறந்து வைத்து, வால்வைச் சிறிது சிறிதாகத் திருகி, காற்று வெளியேறி நீர் ஒரு சீராய் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். விட்றூவியஸ் சொன்னதும் இதுவே. முதலில் வரும் கலங்கல் நீரை ஓடவிடுக. வெடித்த குழாயில் அழுத்தம் தணிந்த வேளையில் வெளியிலுள்ள அழுக்கு உள்ளே புகுந்திருக்கும். 1854 இல் இலண்டனில் புரோட் வீதிக் கிணற்று நீரைக் குடித்தோர் வாந்திபேதியால் மடிந்தபோது, மருத்துவர் ஜோன் சினோ நோய்க்குக் காரணம் நீரே என்று நிறுவினார். அருகிலிருந்த மலக்குழி ஒன்று கசிந்து கிணற்றிற் கலந்தமை பின்னர்த் தெரியவந்தது. கழிவுக்குழிக்கு அண்மையிற் குழாய் செல்லும் லயங்களில் இருப்போர் இதனை மறத்தல் ஆகாது.

ஆகவே சில நாளைக்குக் குடிநீரைக் கொதிக்க வைத்தே பருகுக. கடல்மட்டத்தில் நீர் நூறு பாகையிற் கொதிக்கும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ ஏறக்குறைய தொண்ணூற்று நான்கு பாகையிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. ஆதலின் கொதி வந்தவுடன் இறக்கிவிடாமல் மேலும் மூன்று நிமிடம் கொதிக்க விடுதல் பாதுகாப்பானது.

இறுதியாக, மாணவ நேயர்களுக்கு ஒரு வேலை. உங்கள் லயத்துக்கு வரும் குழாய் எங்கே தொடங்கி எவ்வழியே வருகின்றது, வால்வுகள் எங்கெங்கே, பொருத்துகள் எங்கெங்கே என்று ஒரு தாளிற் படம் வரைந்து வையுங்கள். ஒரு பழைய பிஸ்கட் பேணியிலே டியூப் நாடா, கட்டுக்கம்பி, குழாய்க்கேற்ற இரண்டு சொக்கட்டு, பசை, அரத்தாள் ஆகியவற்றைப் போட்டு, அந்தப் படத்தையும் மடித்து வையுங்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. பகலுணவு முடிந்ததும் தம்பி தங்கையரையும் அழைத்துக்கொண்டு வெளியே சென்று, புல்லை விலக்கி, வால்வு இருக்கும் இடத்தைப் பார்த்து, அது திருகுகின்றதா என்று ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு வாருங்கள்.